மதி என்றால் போதும்

தமிழில் மதி என்றால் அறிவு, நிலவு. திருவனந்தபுரத்தில் மதி என்றால் போதும். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரருக்கு, நாகர்கோவிலிலிருந்து வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், அந்த ஒரு மலையாள வார்த்தை மட்டும் காதில் ஏறவே இல்லை. சாப்பிடுகிறவர் இலைக்கு மேல் கையை விரித்து "மதி, மதி" என்று கெஞ்சுவார். இவர் விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி சோற்றைச் சாய்ப்பார். மற்ற கடைகளில் 'அளவுச் சாப்பாடு' என்று பலகை தொங்கும். அதை மாட்டுவதைவிடக் கடையையே பூட்டிவிடலாம் என்பது இவர் கட்சி.

இந்த மனிதரிடம்தான் தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அல்சேஷன் குட்டி வந்து சேர்ந்தது. வித்துராவில் தோட்டம் வைத்திருந்த வாடிக்கைக்காரர் ஒருவர் கொடுத்தது. கடைக்கு மேலே மாடியில் எங்கள் வீடு. அங்கே நாய் வளர்க்க எனக்கு இஷ்டமில்லை. என்னைக் கேட்டு எதைச் செய்தார், இதைக் கேட்டுச் செய்ய?

குட்டி வளர்ந்தது என்று சொன்னால் போதாது, பெருத்தது. காலையில் பாலும் முட்டையும், மதியம் கறிச்சோறு, சாயங்காலம் ஆட்டுக்கால் சூப்பு. "பெரிய ஜாதி நாய்லா, எலும்புக்குப் பெலன் வேண்டாமா?" என்று கால்சியம் டானிக் வாங்கி வந்து சூப்பில் ஊற்றினார். எனக்கு இடுப்பு வலித்த வருஷம் ஒரு டானிக் பாட்டிலும் வீட்டுக்கு வரவில்லை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆறேழு மாதக் குட்டியாக இருந்தபோது, ஒரு நாள் இடது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. படியில் விழுந்திருக்கும் என்று முறிவெண்ணெய் வாங்கி வந்து துணியில் நனைத்துக் கட்டினார். கொஞ்ச நாளில் அந்தக் காலை ஊன்றிவிட்டது.

"பாத்தியாட்டி, எண்ணெயோட மகிமைய" என்றார்.

மகிமை பேசி முடிப்பதற்குள் வலது கால் நொண்ட ஆரம்பித்தது. மறுபடி எண்ணெய். அதுவும் சரியாயிற்று, பின்னங்கால் தொடங்கியது. நாய் நடிக்கிறது என்று கடைச் சமையல்காரர் தீர்ப்புச் சொன்னார். ஆனால் நடிக்கிற நாய் தொட்டால் அலறாது, சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளாது. தான் போட்ட சோற்றை ஓர் உயிர் வேண்டாம் என்று சொன்னதை இவரால் தாங்க முடியவில்லை. அதனால் சூப்பை இன்னும் கெட்டியாக வைத்தார்.

அந்தப் பாரத்தை மாடிப்படியில் தூக்கி இறக்குவதும் ஏற்றுவதும் அவர்தான். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்த வயிறு அது. நான் கறாராகச் சொல்லிவிட்டேன்: "இது தன் காலால நடந்து எறங்கலேன்னா வித்துராவுக்கே கொண்டு விட்டுருங்க. வீட்டுல ஒரு நோயாளி போதும், ரெண்டு பேரை என்னால பாக்க முடியாது." அன்றைக்கு நாயோடு சேர்ந்து அவரும் சாப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. மறுநாளே ஆட்டோ பிடித்து மிருக ஆஸ்பத்திரிக்கு மூன்று பேருமாகப் போனோம்.

டாக்டர் சின்ன வயது மலையாளப் பெண். நாயின் கால் எலும்பை நடுவில் அழுத்தினார், அது கத்தியது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பிறகு, "அண்ணாச்சி, இதுக்கு என்னெல்லாம் கொடுக்குது?" என்று கேட்டார். இவர் விருந்து வைத்தவர் பெருமையோடு சொல்லிக்கொண்டே போனார். டாக்டரின் முகம் மாற மாற, குறைவாகச் சொல்லிவிட்டோமோ என்று நினைத்து இன்னும் இரண்டு பதார்த்தம் சேர்த்தார்.

"பேடிக்க வேண்டாம், பயம் ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டர். "பெரிய ஜாதிக் குட்டிக்கு வளரும்போ எலும்புக்குள்ள வர்ற வேதனையாக்கும் இது. ஒரு கால் விட்டு மறு கால் போகும். வளர்ந்து முடிஞ்சா தன்னால மாறும், சுகமாகும். வேதனைக்கு நான் தர்ற குளிகை மட்டும் மதி. வீட்டுல மனுஷனுக்கான மாத்திரை ஒண்ணும் கொடுக்க வேண்டா, கேட்டோ. ரெஸ்ட் வேணும். ஓட்டமும் படியும் வேண்டா."

"அப்போ எண்ணெய்?"

"எண்ணெய் வைக்கலேன்னாலும் அந்தக் கால் மாறியிருக்கும் அண்ணாச்சி."

அவருடைய மகிமை அத்தனையும் அந்த மேஜை மேலேயே போயிற்று.

"கால்சியம் நிறுத்தணும். சூப்பும் மதி, முட்டையும் மதி. சோறு அளந்து கொடுத்தா மதி. குட்டி மெலிஞ்சு இருக்கட்டும்."

ஒரே மூச்சில் இத்தனை மதியை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. வரும் வழியெல்லாம் நாயை மடியில் போட்டுக்கொண்டு, "சீக்காளிக்குச் சோத்தைக் கொறைக்கதும் ஒரு வைத்தியமா?" என்று ஆட்டோக்காரரிடம் நியாயம் கேட்டுக்கொண்டு வந்தார்.

அளக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அரிசி அளக்கும் உழக்கை எடுத்து வைத்தேன். எங்கள் கடையின் முதல் அளவுச் சாப்பாடு நாய்க்குத்தான் போயிற்று. பசி திரும்பியதும் அது தட்டை நக்கி முடித்து அவரையே பார்க்கும். அவர் சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் தோள் துண்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மாடி ஏறினார். துண்டுக்குள் என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அவித்த முட்டையின் வாசனை படியெல்லாம் அடித்தது. நாய்க்குக் காவல் தேவைப்படவில்லை, அவருக்குத்தான் நான் காவல் இருந்தேன். நடுவில் ஒரு தடவை வலி மறுபடி வந்தது. பட்டினி போட்டுத்தான் வந்தது என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அந்த வலியும் போயிற்று.

ஒரு மத்தியானம், கடை நிறைந்திருந்த நேரம். மாடிக் கதவு சாத்தாமல் கிடந்திருக்கிறது. நாய் நாலு காலையும் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, சாப்பிடுகிறவர்கள் நடுவே நின்றது. அவர்கள் காலைத் தூக்கி பெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் கையில் சோற்றுக் கரண்டியோடு நின்றார். நாய் அவரைப் பார்த்தது, கரண்டியைப் பார்த்தது. கரண்டி கொஞ்சம் தாழ்ந்தது. பிறகு நின்றுவிட்டது.

"மதி மக்கா" என்றார். "ஒனக்கு மதி."

அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வித்துராப் பேச்சை அதற்குப் பிறகு நான் எடுக்கவில்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரண்டியிலிருந்த சோற்றைப் பக்கத்து இலையில் சாய்த்தார். இலைக்காரர் கையை விரித்து "மதி, மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கேட்கவில்லை.