பதிவு உண்டா என்று கேட்ட அம்மா

எங்கள் அம்மா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இன்று எங்கள் வீடு தேடி வந்து இந்நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உங்களில் சிலருக்கு அவர் மச்சாள், சிலருக்கு மாமி, பலருக்கு, எங்கள் ஊரில் தாதியரை அழைக்கும் வழக்கப்படி, "மிஸ்ஸி". மகளாகிய எனக்குத் தெரிந்த அம்மாவைப் பற்றி எழுதும்படி அப்பா கேட்டுக்கொண்டார். என்னைவிடத் தம்பி நன்றாக எழுதுவான். ஆனால் நான் எழுத எண்ணியிருக்கும் விடயத்தில் பிழை விட்டவள் நான் என்பதால், நானே எழுதுவதுதான் முறை.

அம்மா குச்சவெளியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். நாட்டின் கெட்ட காலத்தில் அந்தக் குடும்பம் மூன்று இடங்களில் குடியிருந்தது. ஒவ்வோர் இடத்திலும் பாடசாலை மாறியது. அப்படியிருந்தும் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞான பாடத்தில் அம்மா திறமைச் சித்தி பெற்றார். உயர்தரம் படிக்க வசதி இருக்கவில்லை. மூத்த சகோதரரான எங்கள் பெரியமாமா திருகோணமலை நகரில் கடையொன்றில் வேலை செய்துவந்தார். அவருடைய உதவியோடு அம்மா நகருக்கு வந்து தாதியர் பயிற்சி பெற்று, தனியார் மருத்துவமனையொன்றில் சேர்ந்தார். பிள்ளைகளாகிய நாங்கள் அறிந்திருந்தது இவ்வளவுதான்.

அப்பா துறைமுகத்தில் படகு இயந்திரங்கள் திருத்துபவராக இருந்தார். கையில் ஏற்பட்ட வெட்டுக் காயத்துக்கு மருந்து கட்டப் போன இடத்தில் அம்மாவைக் கண்டதாகச் சொல்வார். காயம் ஆறிய பிறகும் இரண்டு தடவை போனாராம். திருமணத்தின் பின் பாலையூற்றில் காணி வாங்கி, முதலில் இரண்டு அறையும் ஒரு குசினியுமாக வீட்டைக் கட்டினார்கள். பின்பக்கத்துத் துண்டுக் காணி எனக்குச் சீதனம் என்று நான் பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் அம்மா அதே மருத்துவமனையில் வேலை செய்தார். படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைக்க அம்மாவைப் போல யாராலும் முடியாது என்று சொல்வார்கள். நோயாளிக்கு நோகாது, விரிப்பும் சுருங்காது. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்து கிடந்தவர்கள் வீடு திரும்பிய பிறகும், பெருநாளைக்கு எங்களுக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்துவிடுவார்கள். வீதியில் கண்டால், "மிஸ்ஸி, சுகமா இருக்கிறீங்களா?" என்று நின்று கதைப்பார்கள். அம்மாவோடு நடந்து போகும்போது எனக்கு அது பெருமையாக இருக்கும். நானும் மிஸ்ஸியாக வேண்டும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

உயர்தரத்தில் நான் உயிரியல் பிரிவில் சித்தியடைந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. அரச தாதியர் பயிற்சிக்கான பட்டியலிலும் என் பெயர் வரவில்லை. அந்த நேரத்தில் நகரில் ஒரு தனியார் கல்வி நிலையம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் தாதியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. வீட்டிலிருந்து ஒரே பஸ். கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாம். என்னோடு படித்த இருவர் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவுக்கும் முழு விருப்பம். பிள்ளை கண் முன்னால் இருந்து படிப்பாள் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல்.

சேர்வதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்றார் அம்மா. இருவரும் போனோம். குளிரூட்டிய அறை, புதிய கதிரைகள், சுவரெல்லாம் பட்டமளிப்பு விழாப் படங்கள். அங்கிருந்த அலுவலர் மரியாதையானவர். எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அவர் சொல்லி முடிக்கும்வரை இருந்துவிட்டு அம்மா கேட்டார்:

"தம்பி, இதை முடிச்சால் இங்க தாதியாப் பதிவு கிடைக்குமா?"

"பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கு அம்மா. வெளிநாட்டில எங்கையும் செல்லும்."

"அது பட்டத்துக்கு. நான் கேக்கிறது பதிவுக்கு."

"அதுக்கு விண்ணப்பிச்சிருக்கிறம். பிள்ளை படிச்சு முடிக்கிறதுக்குள்ள கிடைச்சிடும்."

"அதை எழுத்தில தருவீங்களா?"

"எழுத்தில தர ஏலாது அம்மா," என்றார்.

"அப்ப நாங்கள் யோசிச்சு வாறம்," என்று அம்மா எழுந்துவிட்டார்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த அறையில் என் தோழிகள் சீருடை அளவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் நான் வேறு இருக்கையில் போய் இருந்துகொண்டேன். வீட்டுப் படலையைத் திறந்ததும் வாயைத் திறந்தேன்.

"நீங்கள் மட்டும் நேர்ஸா இருக்கலாம். நான் வரக் கூடாது. அதுதானே உங்களுக்கு வேணும்?"

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அன்று பகல் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அப்பாதான்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போகவில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு சான்றிதழ். அம்மாவின் பெயர், ஒரு முத்திரை, நீல மையில் இரண்டு கையெழுத்துகள்.

"நான் நேர்ஸ் இல்ல, பிள்ளை," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மா மெதுவாகச் சொன்னார். கடையொன்றின் மேல்மாடியில் நடந்த ஆறு மாதப் பயிற்சி அது. பெரியமாமா தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய காசு. முடித்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை என்று சொல்லியிருந்தார்கள். முடித்துப் போய்க் கேட்டபோதுதான் இந்தச் சான்றிதழுக்குப் பதிவு கிடையாது என்று தெரிந்தது. நடத்தியவர்களைத் தேடித் திரும்பி வந்தபோது மேல்மாடியில் வேறு யாரோ வேறு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் உதவியாளராகத்தான் சேர முடிந்தது. அன்றிலிருந்து அதே பதவி.

"ஆக்கள் மிஸ்ஸி எண்டு கூப்பிடுவினம். நான் ஒருநாளும் என்னை அப்படிச் சொன்னதில்ல. நான் கையைப் பிடிச்சுக் குடுப்பன். ஊசி போடுறது எங்கட வார்ட் நேர்ஸ் நஸீமா. புத்தகத்தில கையெழுத்து வைக்கிறதும் நஸீமா. நேற்று வந்த சின்னப் பிள்ளையும் பதிவு இருந்தால் எனக்கு வேலை சொல்லும். நான் செய்வன். செய்த வேலையில எனக்கு ஒரு குறையும் இல்ல. பேரில தான் குறை. அந்தக் குறை உனக்கு வரக் கூடாது."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் சந்தோசமாச் சொல்லித் திரிஞ்சீங்கள். சொல்ல மனம் வரேல்ல."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நெடுநேரம் இருந்தேன். மன்னிப்புக் கேட்டேனா என்பது நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வாரமே அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு, நஸீமா அன்ரியையும் கூட்டிக்கொண்டு அதிகாலை பஸ்ஸில் கொழும்புக்குப் போனார். கிண்ணியாவைச் சேர்ந்த நஸீமா அன்ரி அம்மாவோடு ஒரே வார்டில் பதினைந்து ஆண்டுகள் வேலை செய்த பதிவு பெற்ற தாதி. தாதியரைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் இலக்கம் எடுத்து, வரிசையில் இருந்து, அம்மா தமிழில் சொல்ல, அன்ரி சிங்களத்தில் கேட்டாராம். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அங்கே காட்டினார்கள். எங்கள் நகரத்து நிலையத்தின் பெயர் அதில் இல்லை. இருந்த பெயர்களை அம்மா அதே கடித உறையின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். அன்றே அவற்றில் இரண்டு இடங்களுக்கு நேரில் போனார்கள். மாணவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், முந்திய தொகுதியில் எத்தனை பேருக்குப் பதிவு கிடைத்தது என்றெல்லாம் அம்மா கேட்டார். அலுவலகத்தில் சொன்னதோடு நிற்கவில்லை. சிற்றுண்டிச்சாலையில் தேநீர் வாங்கிக்கொண்டு, அங்கே நின்ற மாணவிகளிடமும் அதே கேள்விகளைக் கேட்டாராம்.

"உங்கட அம்மாவுக்கு வாய் இல்ல எண்டு இவ்வளவு நாளும் நினைச்சனான்," என்று நஸீமா அன்ரி பிறகு என்னிடம் சொன்னார்.

பட்டியலில் இருந்த படிப்புக்கு நகரத்து நிலையத்தை விட ஏறக்குறைய இரு மடங்கு செலவு. விடுதிச் செலவு வேறு. பின்பக்கத்துக் காணியை விற்பதைத் தவிர வழியில்லை. அப்பா இரண்டு நாள் யோசித்தார். தம்பிக்கு அப்போது பதினைந்து வயது. "விக்கலாம், அங்க நான் பந்து விளையாடுறது மட்டும்தான்," என்றான். எதிர்த்தது பெரியமாமா.

"சீதனக் காணிய வித்துப்போட்டு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்லுவாய்?"

"கேக்கிறவை வரேக்க பாப்பம், அண்ணை."

"ஒருக்கா நான் கட்டின காசு வீணாப் போச்சு. அதை மறந்திட்டியா?"

"மறக்கேல்ல. அதாலதான் இந்த முறை கொழும்புக்குப் போய்க் கேட்டனான்."

கடைசியில் காணி விற்ற அன்று சாட்சிக் கையெழுத்து வைத்தவர் பெரியமாமாதான்.

கொழும்பில் எனக்கு முதல் வருடம் கடினமாக இருந்தது. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. உடற்கூற்றியல் பாடத்தில் தோற்றுப்போனேன். மறுபடி எழுத ஒரு கட்டணம் உண்டு என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னேன். அம்மா, "அதைக் கேக்க மறந்திட்டன்," என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அடுத்த முறை சித்தியடைந்தேன்.

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த நாளில் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பதிவிலக்கத்தை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று என் பெயரைச் சரிபார்த்தார். பிறகு மடிக்காமல் அப்பாவிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்ப் புட்டு அவிக்கத் தொடங்கினார். அம்மா சந்தோசமாக இருக்கும்போது பாடமாட்டார், பேசமாட்டார், சமைப்பார். அன்று எட்டுப் பேருக்குப் போதுமான புட்டு.

நகரத்து நிலையத்தைக் குறைத்துச் சொல்ல இதை நான் எழுதவில்லை. அங்கே படித்த என் தோழி ஒருத்தி மேற்படிப்புக்கு வெளிநாடு போய் அங்கே நன்றாக இருக்கிறாள். அவளுக்கு அந்தப் பட்டம் உதவியது. மற்றத் தோழிக்கு ஊரிலேயே வேலை செய்ய விருப்பம். பதிவு இல்லாததால் வேறு படிப்பை முதலிலிருந்து தொடங்கினாள். எங்கே போகப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு படிப்பைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதைத்தான் அம்மா அறிந்திருந்தார்.

மாவட்டத்திலேயே எனக்கு நியமனம் கிடைத்தது. சீதனம் கேட்கும் ஆட்கள் வரவில்லை. கேட்காத ஒருவர் வந்தார். அவரே இன்று உங்களுக்குத் தேநீர் பரிமாறிக்கொண்டிருக்கும் என் கணவர். அம்மா ஓய்வு பெற்ற பின் பேத்தியோடு கடற்கரைக்குப் போவதும், கோயிலுக்குப் போவதும், அயலில் யாருக்காவது பிரசவம் என்றால் பத்தியம் சமைத்துக் கொடுப்பதுமாக இருந்தார். பெரியமாமாவுக்குச் சீனி வியாதியால் காலில் புண் வந்தபோது, ஓர்ஸ் ஹில்லில் உள்ள அவர் வீட்டுக்கு நானும் அம்மாவும் வாரத்தில் மூன்று நாள் போவோம். மருந்து கட்டுவது நான், காலைப் பிடிப்பது அம்மா. "ரெண்டு மிஸ்ஸியும் வந்தாச்சு," என்பார் பெரியமாமா. அப்படி ஆறு மாதத்தில் புண் ஆறியது.

கடைசி ஆண்டில் அம்மாவின் சிறுநீரகம் பழுதடைந்தது. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே அனுமதித்தோம். சீருடையோடு போய் நான் சேலைன் குழாயைத் தொட்டால் அம்மாவுக்குப் பிடிக்காது.

"அதுக்கு ஆக்கள் இருக்கினம். இங்க நீ மகள். கதிரையை இழுத்துப் போட்டு இரு," என்பார்.

நான் இருந்தேன். வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு நாளும் இருந்தேன். ஊர்க் கதை, பிள்ளையின் பள்ளிக்கூடக் கதை, பக்கத்துக் கட்டில் மனுசியின் கதை. அம்மாவோடு அவ்வளவு நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்து கதைத்தது என் வாழ்நாளில் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஐந்து வாரம்தான். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், அப்பாவும் தம்பியும் நானும் அருகிலிருக்க, பெரிய வேதனை எதுவும் இல்லாமல் அம்மா கண்மூடினார்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், விரிப்பு மாற்றிக் குளிப்பாட்டிய உதவியாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உதவியாளர்களின் பெயர்களை அம்மா ஒவ்வொன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். இறுதிக் கிரியையில் தோள் கொடுத்த அயலவர்களுக்கும், மூன்று நாளும் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பிய கிண்ணியாக் குடும்பங்களுக்கும், தொலைவிலிருந்து வந்த உறவுகளுக்கும் நன்றி. நஸீமா அன்ரிக்கு நன்றி சொன்னால் ஏசுவார். ஆகையால் சொல்லவில்லை.

அம்மா இருந்தபோது, மகளை எங்கே படிக்க விடலாம் என்று கேட்டு எங்கள் வீட்டுக்குப் பலர் வருவார்கள். அம்மா போன பிறகு அவர்கள் வரத் தயங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தயங்க வேண்டாம். எந்தப் படிப்புக்கும் காசு கட்டுவதற்கு முன் ஒருமுறை வாருங்கள். வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். தேவையென்றால் கொழும்புக்கும் கூட வருவேன். மறுபரீட்சைக் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்போம்.