பிள்ளையார் காலடியில் ஒரு கடிதம்

சுளுக்குத் தைலத்தின் வாசம் கடற்காற்றையும் வெல்லும். தெரியுமா உங்களுக்கு?

போன செவ்வாய். மண்டைதீவுத் தாம்போதியில் பஸ் போகிறது. இரண்டு பக்கமும் கடல், ஒற்றைக் காலில் நாரை, ஜன்னலெல்லாம் உப்பு... கடைசி வரிசைச் சீற்றில் கரப்பந்தாட்டப் பெடியள் — தோளிலும் முழங்காலிலும் பூசிய தைலம் மணக்க மணக்க. அவ்வளவுதான். கடல் மறைந்துபோனது எனக்கு. ஒரு நீள மேசை வந்து நின்றது.

போன மாதம். எங்கள் தீவுப் பக்கம் ஒரு சைவ அறக்கட்டளை நடத்தும் உயர்கல்லூரி. பெயர் வேண்டாமே. கிழமையில் இரண்டு நாள் அங்கே தமிழ் படிப்பிக்கிறேன். ஒரு வியாழக்கிழமை, அறக்கட்டளைத் தலைவர் போன் எடுத்தார்.

"விசாரணைக் குழுவில நீங்களும் இருங்கோ. முடிவை நீங்கள் எழுதினா வடிவாயிருக்கும்."

விசாரணை தொடங்கவே இல்லை. அதற்குள் முடிவுக்கு வடிவு தேடுகிறார்கள்.

விசயம் இதுதான். இரண்டாம் வருட மாணவி — மாலினி என்று வைத்துக்கொள்வோம், சுருவிலில் இருந்து பஸ்ஸில் வருகிறவள் — கரப்பந்தாட்டக் கப்டனைப் பற்றி முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்திருந்தாள். அவளுடைய வீட்டில் சொல்லிவிட்டார்கள்: இந்தக் கிழமைக்குள் ஒரு முடிவு வராவிட்டால், படித்தது போதும். சனிக்கிழமையோ இறுதிப்போட்டி. கல்லூரி இறுதிப்போட்டிக்குப் போவது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கே கூடினோம். மேசையில் தலைவர், பெண்கள் விடுதிக்குப் பொறுப்பான சரோஜா மிஸ், நான். எதிரில், கதிரையின் நுனியில் மாலினி.

தலைவர் நல்லவர். கோயில் காரியத்தில் ஒரு பூவையும் வாடவிடாதவர். இதை முதலே சொல்லிவிட வேண்டும் — இந்தக் கதையில் கெட்டவரைத் தேடுகிறவர்கள் நேரே அவரிடம்தான் போய் நிற்பார்கள்.

"பிள்ளை, நாளைக்கு வெள்ளி. பூசை முடிய, கப்டன் எங்கட பிள்ளையாருக்கு முன்னால கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். அவனுக்குச் சொல்லியாச்சு. நீரும் வந்து நில்லும். அதோட விசயம் முடிஞ்சுது. என்ன?"

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைப்பது. பொய் சொன்னவனைச் சாமி பார்த்துக்கொள்ளும்... பார்க்கும்வரைக்கும் அவன் விளையாடலாம்.

"நாளைக்கு எனக்குக் கோயிலுக்கு வர ஏலாது, சேர்," என்றாள் மாலினி.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "பாத்தியளே. சத்தியம் எண்டதும் பின்வாங்கிறா."

அவள் தலை குனிந்தாள். நான்? பெண்ணின் துயரை வரிவரியாக எழுதிக் கைதட்டு வாங்கிய நான், ஒன்றும் விளங்காமல் பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

சரோஜா மிஸ்தான் வாயைத் திறந்தார். "சேர், உங்கட வீட்டில மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். ஏன் வர ஏலாது எண்டு நான் சொல்லித்தான் விளங்கவேணுமோ?"

தலைவர் சுவர்க் கலண்டரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப... அடுத்த வெள்ளி?"

"வைக்கலாம். அதுவரைக்கும் கப்டனை விளையாட விடாம வைச்சிருப்பியளோ?"

யோசித்துப் பாருங்கள். உண்மையைத் தேட நாங்கள் பிடித்த இடத்துக்குள் முறையிட்டவள் கால் வைக்க ஏலாது. முறைப்பாட்டுக்கு ஆளானவன் நெஞ்சை நிமிர்த்திப் போகலாம். யாரும் சதி செய்யவில்லை. யாருக்கும் யோசனை வரவில்லை, அவ்வளவுதான்.

"கடிதத்தில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். வெட்கத்தோடுதான். வந்ததும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தலைவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து உறையை எடுத்தார். மேலே காய்ந்த சந்தனம், ஒரு துளி குங்குமம். ஒட்டியது ஒட்டியபடி.

"சாமியின்ர காலடியில வைச்சு எடுத்தனான்..."

"பிறகு?"

"பொம்பிளைப் பிள்ளையின்ர கடிதம். பிரிக்கக் கூச்சமாயிருந்தது."

ஆக, பிள்ளையார் மட்டும்தான் வாசித்திருக்கிறார்.

"வாசிக்கத்தான் சேர் எழுதினனான்," என்றாள் மாலினி.

கோடு போடும் அடிமட்டத்தால் உறையைக் கிழித்தார் தலைவர். இரண்டு பக்கம். என்ன நாள், நூலகத்தின் எந்த வாசல், பக்கத்தில் நின்றது யார் — எல்லாம். போனில் வந்த செய்திகளின் பிரதியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். மாலினியை மிஸ் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போக, கப்டனைக் கூப்பிட்டோம். பயிற்சியிலிருந்து வந்தவன். அவனுக்கு முன்னமே வந்துவிட்டது தைல வாசம்.

"இது நீர் அனுப்பினதோ?"

பார்த்தான். தலையைக் குனிந்தான். "சும்மா பகிடிக்குத்தான், சேர்."

"நூலகத்தில கையைப் பிடிச்சு இழுத்ததும் பகிடியோ?"

முழங்கால் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அப்ப நாளைக்கு என்னெண்டு சத்தியம் பண்ண இருந்தனீர்?"

"கற்பூரத்தில அடிச்சா எல்லாம் முடிஞ்சிடும் எண்டு சொல்லிச்சினம், சேர்."

தலைவரின் முகம் போன போக்கு... தன் பிள்ளையாரையே ஒரு பொய்க்குச் சாட்சியாக அழைக்க இருந்தார்கள் — அழைப்பு வைத்தவரோ அவர்தான். பக்தி ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் இறக்கும் என்று சொல்ல முடியாது. அன்று சரியான தரிப்பிடத்தில் இறக்கியது.

"சனிக்கிழமை நீர் விளையாடேல்லை," என்றார். "இந்தத் தவணை முழுக்க வகுப்புக்கும் வரவேண்டாம்."

பயிற்றுநர் ஓடி வந்தார். கனடாவிலிருந்து பழைய மாணவர்கள் போன் எடுத்தார்கள். ஒரு பெடியன்ர வாழ்க்கை அல்லோ என்றார்கள். தலைவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "ஓம், ஓம். அந்தப் பிள்ளைக்கும் ஒண்டு இருக்கு."

முடிவை நான்தான் எழுதினேன். வடிவில்லாமல், அரைப் பக்கம். கீழே தலைவர் தன் கையால் சேர்த்தார்: முறைப்பாடு வந்த அன்றே ஒரு பெண் ஆசிரியரோடு இருந்து வாசிக்கவேண்டும்; விசாரணை முடியும்வரை, முறைப்பாட்டுக்கு ஆளானவர் யாராக இருந்தாலும் அணியில் இடமில்லை.

சமய நிறுவனங்கள் கெட்டவை என்று நான் எழுதப்போவதில்லை. மன்னிப்பைக் கடவுளிடம் கேட்கட்டும், நல்லது. கடிதத்தை மனுசர்தான் வாசிக்க வேண்டும்.

கோப்பை வந்ததா? கேளாதேயுங்கோ.

விசாரணை முடிந்த அன்று பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் மாலினி நின்றாள். கையில் முடிவின் பிரதி — கேட்டு வாங்கியிருந்தாள்.

"வீட்டில என்ன சொல்லுவினமோ?" என்றேன்.

"முதல்ல வாசிக்கட்டும், சேர்." பிரதியைக் கொப்பிக்குள் வைத்தாள். பஸ் வந்து நின்றது. படியில் ஏறித் திரும்பினாள்.

"திங்கட்கிழமை உங்கட தமிழ்ப் பாட ஒப்படை எழுதித் தரவேணும். இன்னும் ஒரு பக்கமும் எழுதேல்லை. போட்டு வாறன், சேர்."