இருபத்தேழு விநாடி முந்திய பதில்

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் சஜனுக்கு முதலில் உதடு அசையும். பிறகு வலது கண் கொஞ்சம் சுருங்கும். மனசுக்குள் பத்தைக் குறைத்துவிட்டுத்தான் மணி சொல்வார். பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் போகும் காலை பாசஞ்சரை அவர் விட்டுவிடக் கூடாதென்று, மனைவி ஷிஜா அதைப் பத்து நிமிடம் முன்னால் ஓட்டி வைத்திருந்தாள். அந்தப் பத்து நிமிடத்தை மீட்டெடுத்து, சஜன் நிதானமாக இன்னொரு துண்டு புட்டு தின்பார்.

அலுவலகத்திலும் குறைக்கிற வேலையே அவருக்கு வாய்த்தது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் மெயின்பிரேம், அதாவது கிளைகள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும் பெரிய கணினி, நேரத்தைப் பூதாகரமான ஓர் எண்ணாக வைத்திருந்தது. அதை மணி, நிமிடம், விநாடியாக மாற்றும் நிரலைச் சஜன் எழுத வேண்டும். பூமி சுற்றுவதில் சுணங்குவதால், உலகக் கடிகாரங்களில் எப்போதாவது ஒரு விநாடியைச் செருகுவார்கள். இதுவரை இருபத்தேழு. மெயின்பிரேம் அதையும் சேர்த்தே எண்ணும், குறைத்தால்தான் ஊர் நேரம் வரும் என்றது மேனுவல். சஜன் குறைத்தார்.

மேலதிகாரி ஸ்வப்னா நெய்யாற்றின்கரைக்காரி. திரையில் கேள்வி வந்த நேரத்தையும் பதில் போன நேரத்தையும் பார்த்துத் தலையில் கைவைத்தாள்.

"எந்தா சஜா இது? கிளையில ஆளு கேக்கதுக்கு மின்ன மெஷின் பதிலு சொல்லுது. ஜோசியமா பாக்குது?"

"மேனுவல்ல அப்படித்தான் உண்டு, மேடம்."

"நாளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி ஆபீசர் வந்து பாப்பாரு. சரியாவலன்னா வேலை சென்னைக்குப் போவும். கூட நீயும் போவணும், மக்கா."

சென்னையா? புட்டும் ஷிஜாவும் இல்லாத ஊரில் அவர் என்ன செய்வார்?

மறுநாள் காலை கடிகாரத்தைப் பார்த்தார், குறைத்தார், தின்றார், ஸ்டேஷனுக்குப் போனார். ரயிலின் பின்பக்கம் மட்டும் கண்ணுக்குக் கிடைத்தது. ஷிஜாவுக்கு போன் போட்டார்.

"கிளாக்குக்கு என்னாச்சு, பிள்ளே? பத்து குறைச்சிட்டுத்தானே இறங்கினேன்!"

"பின்னயும் குறைச்சீங்களா? அதை நேத்தைக்கே நான் சரியாக்கி வச்சாச்சு. எப்படியும் நீங்க குறைக்கத்தானே செய்யுதிய, பின்ன முன்னால ஓட்டி என்ன பிரயோஜனம்?"

"சொல்லண்டாமா?"

"கேக்கண்டாமா?"

சஜன் நடைமேடையிலேயே நின்றுவிட்டார். மெயின்பிரேமிடமும் அவர் கேட்கவில்லை!

பஸ் பிடித்து அலுவலகம் போனதும் முதலில் மெயின்பிரேமின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார். எத்தனை விநாடி செருகியிருக்கிறது என்று குறிக்கும் இடத்தில் பூஜ்யம். கம்பெனிக்காரர்கள் எதையும் செருகாமல், ஊர் நேரத்தையே அதற்கு ஊட்டியிருந்தார்கள். முதலில் அந்த இடத்தைப் படி, அதில் உள்ளதை மட்டும் குறை என்று சஜன் நிரலை மாற்றினார். பதில்கள் மரியாதையாகக் கேள்விகளுக்குப் பின்னால் போய் நின்றன.

ஆபீசர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார்.

"பெட்டி கட்டண்டாம், கேட்டியா?" என்றாள் ஸ்வப்னா.

பிறகுதான் தெரிந்தது: அந்த ஆபீசர் பார்த்த திரையில் மணியும் நிமிடமும் மட்டுமே வரும். விநாடிக்கென்று அதில் கட்டமே கிடையாது.