தேனில் குழைத்த கடல்குதிரை

போன வருடம் ஜூலை மாதம். தாராவியில் எங்கள் சந்து முழுக்கக் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர். தோல்பை தைக்கும் பட்டறையிலிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், ஆறு வயது மகள் சுவரில் சாய்ந்து வாயால் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மழைக்காலம் வந்தாலே அவளுக்கு இழுப்பு வரும். டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்ப் எப்போதும் டிவி பக்கத்தில் இருக்கும். அன்று காணவில்லை.

"நாந்தான் பரண்ல தூக்கி வச்சேன் மாப்ள. அது பழகிட்டா ஆயுசுக்கும் விடாது" என்றார் மச்சான்.

அவர் என் மனைவியின் அண்ணன். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரிலிருந்து முந்தின நாள்தான் வந்திருந்தார். மனைவி மாட்டுங்காவில் சமையல் வேலைக்குப் போயிருந்ததால் பிள்ளை அவர் பொறுப்பில் இருந்தாள். பம்புக்குப் பதிலாக, காய்ந்த கடல்குதிரையை வறுத்துப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்திருக்கிறார்!

பரணிலிருந்து பம்பை எடுத்து மகள் வாயில் அடித்துவிட்டு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஓடினேன். கிளினிக்கில் மாஸ்க் மாட்டி மருந்து கொடுத்த பிறகுதான் அவள் நெஞ்சு அடங்கியது. டாக்டர் என்னைத்தான் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மனைவியும் வந்திருந்தாள். மச்சானிடம் கொஞ்சமும் வருத்தமில்லை. ஒரு பிளாஸ்டிக் பையைப் பிரித்துக் காட்டினார். வால் சுருண்டு, கருவாடாய்க் காய்ந்த கடல்குதிரைகள், பை நிறைய. ஒன்றுக்கு மட்டும் வயிறு உப்பியிருந்தது.

"இது ஆம்பள. கடக்குதிரைல ஆம்பளதான் குஞ்சு சுமக்கும். குஞ்சோட காஞ்சதுக்கு வீரியம் ஜாஸ்தி" என்றார் பெருமையாக.

இதைப் பிடிப்பதே குற்றம் என்றேன்.

"நாங்களா தேடிப் போய்ப் பிடிக்கோம்? இழுவ மடி வலைல தானா வந்து மாட்டுது. தூரப் போடவா சொல்லுதிய?"

இவ்வளவும் யாருக்கு என்று கேட்டேன். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஆள் ஒருவன் இங்கே வாங்கிக்கொள்வானாம். அப்படியானால் என் மகள் வெறும் சாக்கு. வந்தது வியாபாரத்துக்கு.

நான் கத்திய கத்தலில் சந்தே எட்டிப் பார்த்தது. அவர் ஆதரவு தேடித் தங்கையைப் பார்த்தார். அவள் அவருடைய துணிகளைப் பெட்டியில் திணித்து வாசலில் கொண்டுபோய் வைத்தாள். "எம் பிள்ளைக்கு மூச்சு நின்னு போயிருந்தாலும் இதப் பாசம்னுதான் சொல்லுவியாண்ணே? பொறப்படு."

அவர் போனார். பையை மட்டும் நான் விடவில்லை. மறுநாள் பட்டறைக்கு லீவு போட்டு, வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள். சொன்னேன்.

சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்தவன் என்று மனைவி வீட்டில் பலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. உன் பிள்ளைக்காகத்தானே செய்தார் என்கிறார்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கடலைக் காலி செய்கிறவர்கள் மீது அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.