என் இதயம் ஃபேரர் பார்க்கில் இருந்த பத்தொன்பது நாட்கள்

என் மகள் மெல்பர்னிலிருந்து எனக்கு ஒரு குர்த்தி அனுப்பினாள். கருநீலத் துணி, முக்கால் கை, மார்புக்குக் குறுக்கே வெள்ளி நூலில் கொடிபோல ஓர் அலங்காரம். கூட வந்த தாளைப் படித்த பிறகுதான் அந்தக் கொடி வெறும் அலங்காரம் இல்லை என்று தெரிந்தது. அது இதயத் துடிப்பை அளக்கிற நூல். இடுப்போரம் தைத்திருந்த சின்னப் பையில் பெரிய பட்டன் அளவுக்கு ஒரு கருவி இருந்தது. நான் எத்தனை அடி நடக்கிறேன், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறேன், எங்கே இருக்கிறேன், இதயம் எப்படி ஓடுகிறது என்பதையெல்லாம் அது நேராக மகளின் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். என் கைப்பேசிகூடத் தேவையில்லை. என் சம்மதமும் தேவைப்படவில்லை.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா மாரடைப்பில் போனபோது அவள் விமானத்தில் இருந்தாள். அதனால் நான் மறுக்காமல் போட்டுக்கொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு அதையே அணிந்து போனேன். மூன்று பெண்கள் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். பிற்பகலில் மகள் அழைத்தாள்.

"ம்மா, காலைல கோயில்ல தூங்குனீங்களா?"

"இல்லையே."

"ஒம்பது அம்பதுல இருந்து இருபது நிமிஷம் டீப் ரெஸ்ட்னு காட்டுது."

"அது பிரசங்க நேரம்மா. அமைதியா கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அவள் அதை நம்பியதுபோல் தெரியவில்லை.

அதன் பிறகு அடிக்கணக்கு ஆரம்பித்தது. பள்ளி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். சிங்கப்பூரில், தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கியை விட்டு இறங்கினால் காப்பிக்கடை, அதைத் தாண்டினால் சந்தை, அதற்கு எதிரே பேருந்து நிறுத்தம். இதற்கு மேல் நடக்க வேண்டுமென்றால் காரணத்தைத் தேட வேண்டும். நாள் தவறாமல் மகளிடமிருந்து செய்தி வந்தது. நேற்று ஆயிரத்து எண்ணூறு. நேற்று ஆயிரத்து ஐந்நூறு. ஒரு நாள் எந்த வாசகமும் இல்லாமல் அழுகிற முகம் மட்டும் வந்தது.

ஃபேரர் பார்க்கில் துணிக்கடை வைத்திருக்கும் என் தோழியிடம் இதைச் சொன்னேன். உயர்நிலைப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள். மாமனார் தொடங்கிய கடையை, கணவர் இறந்த பிறகு, இரண்டு விற்பனைப் பெண்களை வைத்துக்கொண்டு அவளே நடத்துகிறாள். கடை கீழே, கிடங்கு மாடியில். நாள் முழுக்கப் படி ஏறி இறங்குவாள். அவள் என் குர்த்தியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"பாலியஸ்டர் கலந்திருக்கு. ஆனா தையல் நல்லா இருக்கு."

"ஒரு வாரம் நீ போட்டுக்கோயேன் டி. உன்னோட தொளதொள மலாய் பாஜு குரோங்குக்கு உள்ள போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"உன் பிள்ளைய ஏமாத்துறதுக்கா?"

"சந்தோஷப்படுத்துறதுக்கு."

அவள் யோசித்தாள். "எனக்கு எம் சைஸ் லா. இது எல்."

போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

மறுநாளே பதினோராயிரம் அடி. மகள் அழைத்துச் சந்தோஷத்தில் ஆர்ப்பாட்டம் செய்தாள். ஏன் நாள் முழுக்க ஃபேரர் பார்க்கிலேயே இருக்கிறேன் என்று கேட்டதற்கு, தோழிக்கு ஒத்தாசையாகக் கடையில் நிற்கிறேன், சாயங்காலம் குர்த்தியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறேன் என்றேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் என் கணக்கைக் காட்டினாளாம். எனக்கு இரண்டு நாள் மனசு உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. ஒரு வாரம் என்று ஆரம்பித்தது மூன்றாவது வாரத்துக்குப் போனது.

பத்தொன்பதாம் நாள் புதன்கிழமை. காலை பதினொரு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்து அழகு நிலையத்தில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் அழைத்தாள்.

"ம்மா, எங்க இருக்கீங்க?"

"கடையில." வாய்க்குப் பழக்கமாகிவிட்டது.

"அப்படியே உக்காருங்க. படி ஏறாதீங்க. ஹார்ட் பீட் நூத்தி நாப்பத தாண்டிருச்சு, அதுவும் தாறுமாறா ஓடுது. நெஞ்சு வலிக்குதா? மூச்சு வாங்குதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா."

"அப்பாவும் அப்படித்தாம்மா சொன்னார்."

சாயம் பூசிய பெண் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"நீ பாக்குறது என் ஹார்ட் இல்லம்மா."



"அப்ப அது யாரோட ஹார்ட்?"

சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "உடனே போங்க" என்றாள். அவ்வளவுதான்.

தலையில் சாயத்தோடும் கழுத்தில் துண்டோடும் டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் இருக்கையில் பழைய செய்தித்தாளை விரித்தார். கடைக்குள் நுழைந்தபோது தோழி திரைச்சீலைத் துணியை அளந்துகொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளுத்திருந்தது.

"என்னடி இது கோலம்?" என்றாள்.

"உனக்கு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? களைப்பா இருக்கு. ஒரு மாசமா இப்படித்தான். வயசாகுது லா. இன்னைக்குக் காலைல இருந்துதான் நெஞ்சுக்குள்ள ஏதோ படபடன்னு அடிச்சுக்குது, கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்."

"ஒரு மாசமா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கலையே."

மருத்துவமனைக்கு வா என்றேன். வாடிக்கையாளர் நிற்கிறார், ஆறு மீட்டர் வெட்ட வேண்டும், உன் மகளுடைய சட்டை கெட்டுப்போயிருக்கும் என்று அடுக்கினாள். நான் மகளை அழைத்துக் கைப்பேசியை அவள் காதருகே பிடித்தேன்.

"ஆன்ட்டி, கத்திரிக்கோல கீழ வைங்க. ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லுங்க. இப்பவே."

பள்ளி நாளிலிருந்து நான் சொல்லி எதையும் கேட்காதவள், கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மருத்துவமனை அவசரப் பிரிவின் வாசலில் தாதி முதலில் என்னைத்தான் பிடித்தாள். கழுத்து வழியாகச் செம்பழுப்புச் சாயம் ஒழுகிக்கொண்டிருந்தது. எங்கே அடிபட்டது என்று கேட்டாள். நோயாளி நான் இல்லை என்று அவளுக்குப் புரிய வைக்கக் கொஞ்சம் நேரமானது. உள்ளே குர்த்தியை வெட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். "வெட்டாதீங்க, அது என்னோடது இல்ல" என்று தோழி தடுத்துவிட்டாளாம்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கின்றன என்று மருத்துவர் சொன்னார். இப்படியே விட்டிருந்தால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வந்திருக்கலாம். மருந்து கொடுத்துக் கட்டுப்படுத்த முடியும். சரியான நேரத்தில் வந்தீர்கள், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். தோழி என்னைக் காட்டி, "இவ பிள்ளைய ஏமாத்துனா டாக்டர்" என்றாள். அவர் அதையும் எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவள் வீடு திரும்பினாள். இரண்டு வாரம் கழித்து மகள் சிங்கப்பூருக்கு வந்தாள். விமான நிலையத்திலிருந்து நேராகத் தோழியைப் பார்க்கப் போய்விட்டு, பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"பத்தொன்பது நாள், ம்மா."

"ஆமா."

"ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்."

"தெரியும்."

"ஆன்ட்டி பொழச்சாங்க, அது வேற. உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? நான் இன்னொருத்தர் ஹார்ட்ட பாத்துக்கிட்டு சந்தோஷமா இருந்திருப்பேன்."

தோழி பிழைத்ததை வைத்து நான் செய்ததை நியாயப்படுத்தலாம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தில் அது போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். அவள் அழுதாள். பிறகு எழுந்து இருவருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.

குர்த்தியை அவள் தோழிக்கே கொடுத்துவிட்டாள். எனக்கு வேறொன்று அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், உடம்பு எப்படி இருக்கிறது என்று இனி நானே உண்மையைச் சொல்கிறேன் என்றேன். சிறிது யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

தோழி இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். கிடங்குக்கு விற்பனைப் பெண்கள் ஏறுகிறார்கள். மகள் தினமும் காலையில் அவளுக்குச் செய்தி அனுப்புகிறாள், நன்றாகத் தூங்கினீர்களா ஆன்ட்டி என்று. தோழி அதை எனக்குக் காட்டுவாள். எனக்கு மகள் வாரம் ஒரு முறை அழைக்கிறாள். எப்படி இருக்கீங்க என்று கேட்கிறாள். முட்டி வலிக்கிறது, நேற்று எங்கும் போகவில்லை, உன் நினைவாகவே இருந்தது என்று இருப்பதைச் சொல்கிறேன்.