மூட்டைக்குக் கீழே ஒரு முகம்

செவ்வாய்ப்பேட்டையில் இருந்த அந்தப் பருப்பு மண்டி கோயம்புத்தூருக்குக் கிளம்பியது ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. மேசை, தராசு, சாமி படங்கள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. கல்லாவுக்கு மேல் தொங்கிய பெரிய புகைப்படம் மட்டும் இன்னும் இறங்கவில்லை. தீர்த்தகிரி அதைப் பார்த்தபடி நின்றார்.

ஆயுசெல்லாம் அந்த மண்டியில் மூட்டை தூக்கியவர் அவர். அவருக்கு முன்னால் அவர் அப்பா சென்றாயன். தீர்த்தகிரி தொட்டிலில் கிடந்தபோதே சென்றாயன் போய்ச் சேர்ந்துவிட்டார். தை அமாவாசைப் படையலில் அவருக்காக ஒரு வேட்டியும் துண்டும் மடித்து வைப்பார்கள். வீட்டில் படம் கிடையாது.

இருந்தது கல்லாவுக்கு மேல் தொங்கிய இது ஒன்றுதான். ஐம்பதுகளில் யாரோ வெளியூர்க்காரர் தெருவில் நின்று எடுத்தது. நடுவில் பெரிய முதலாளி; வெயில் முழுக்க அவர்மேல், சட்டை மடிப்பைக்கூட எண்ணலாம். ஓரத்தில் மூட்டையோடு ஒருவர் கலங்கலாகப் போகிறார். முகத்தில் மூட்டையின் நிழல். நிற்கச் சொன்னது முதலாளியை மட்டும்தான் என்பது பார்த்தாலே தெரியும். "அதுதான் உங்கொப்பன்" என்று சின்ன வயதில் அம்மா காட்டியதிலிருந்து, பாரத்தோடு உள்ளே வரும்போதெல்லாம் தீர்த்தகிரியின் கண் அந்த ஓரத்துக்குத்தான் போகும்.

"என்னப்பா தீர்த்தகிரி, எங்க தாத்தாவ உட்டுப் பிரிய மனசில்லையா?" என்றான் மோகன்குமார், இப்போதைய முதலாளி.

"உங்க தாத்தா உங்களோடயே வரட்டுங்க. எங்கப்பன மட்டும் எறக்கி உட்டுட்டுப் போங்க."

லாரி டிரைவர் சிரித்தார். மோகன்குமார் அந்த ஓரத்தை அப்போதுதான் பார்த்தான்.

"இத்தன வருசத்துல ஒரு வார்த்த சொல்லலியேப்பா."

"மூட்ட எறக்க வந்தவன் செவுத்தப் பாத்துப் பேசிட்டிருந்தா ஆகுங்களா?"

கூட வந்திருந்த தீர்த்தகிரியின் மகள் சுகன்யா அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்துப் பார்த்தாள். கண்ணாடியில் டியூப் லைட்டும் அவள் கையும்தான் விழுந்தன.

"பழைய பிரேம். இங்க பிரிச்சா படம் கிழிஞ்சிரும்," என்றான் மோகன்குமார். "அங்க போயி ஸ்டுடியோவுல குடுத்து, முகத்தப் பெருசாக்கி அனுப்பறேன்."

"மூக்கு எப்படியிருந்துச்சுன்னு தெரிஞ்சாப் போதுங்க."

லாரி போனது. தை அமாவாசைக்கு வழக்கம்போல வேட்டி, துண்டுதான். பங்குனியில் சுகன்யாவின் போனுக்கு மோகன்குமாரிடமிருந்து செய்தி வந்தது. அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"ரெண்டு ஸ்டுடியோவுல குடுத்துப் பாத்தாச்சுங்க. முகம் இருட்டாத்தான் வருது. கம்ப்யூட்டர்ல ஒரு முகம் போட்டுத் தரேங்கறாங்க, நான் வேண்டாம்னுட்டேன். பாரத்துக்கு ஊனி வெச்ச கால் ஒண்ணு மட்டும் அசையாம நின்னிருக்குது. வெரலெல்லாம் தெளிவாத் தெரியுது. அத வேணா பெருசு பண்ணி அனுப்பட்டுமான்னு அப்பாகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."