மதினி மேல் போட்ட பழி

"கம்ப்யூட்டர் விசிறி தாறுமாறாக இரைகிறது. காரணம், மதினியின் சேலையில் வரும் பட்டாசு மருந்துத் தூசி." தேதியிட்டு நானே எழுதிய குறிப்பு இது. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்ததும், துபாயிலிருக்கும் மகனின் முகத்தைப் பார்த்துப் பேச அண்ணன் மனைவி என் கம்ப்யூட்டரைத் தேடி வருவார்.

"இனிமே குளிச்சிட்டு வாங்க மதினி," என்றேன், விருந்தாளிகள் முன்னால். அதன்பின் அவர் வரவில்லை.

விசிறியின் வேகமோ ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கழற்றிப் பார்த்தேன். பிராசஸர் சிப்பின் சூட்டைத் தணிக்க நான் புதிதாக மாட்டிய கூலரின் அடியில், உரித்துவிட்டு மாட்ட வேண்டிய பிளாஸ்டிக் தாள் அப்படியே ஒட்டியிருந்தது. சூடு வெளியேற வழியில்லாமல்தான் விசிறி அலறியிருக்கிறது.

போய் மன்னிப்புக் கேட்டேன். மதினி சிரித்தார்.

"கம்ப்யூட்டரைக் குளிப்பாட்டியாச்சாக்கும் கொளுந்தனாரே? நான் இப்ப போன்லயே அவன் மூஞ்சியப் பாத்துக்கிடுறேன். காப்பி சாப்பிடுறீகளா?"

அவர் கையில் இருந்தது பட்டன் போன். வீட்டில் வேறு போன் இருக்கிறதா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.